கேஷ்: சொல்லும் பொருளும் தமிழும்

சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று செல்பேசி முறையிடத் தொடங்கியதும் நாம் முதலில் கை வைப்பது பழைய புகைப்படங்களில்தான். அதற்கு முன் அமைப்புகளுக்குள் போய் ஏதாவது ஒரு செயலியின் சேமிப்பிடப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு செல்பேசியில் அங்கே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று 'கிளியர் கேஷ்'. மற்றொன்று 'கிளியர் ஸ்டோரேஜ்'. சில செல்பேசிகளில் 'கிளியர் டேட்டா'. முதலாவதைத் தட்டினால் குடி முழுகிப் போய்விடாது; விரைவுக்காகச் செயலி எடுத்து வைத்திருந்த நகல்கள் மட்டுமே போகும். இரண்டாவதைத் தட்டினால் உள்நுழைந்த கணக்கு, செய்து வைத்த அமைப்புகள், செயலி தனக்குள் வைத்திருந்த கோப்புகள் அனைத்தும் போய், இப்போதுதான் நிறுவியதுபோல் வெறுமையாக நிற்கும். அருகருகே இருக்கும் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் 'கேஷ்' என்ற ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

எழுத்தைப் பார்த்து இதைக் 'கேச்' என்றும் 'கேச்சே' என்றும் படிப்பவர்கள் உண்டு. சரியான ஒலிப்பு கேஷ். வங்கியில் பணம் கட்டும் இடத்தில் கேட்கிற கேஷும் ஒலியில் இதுவேதான், ஆனால் உறவு கிடையாது. அந்தக் கேஷ் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியே வந்தது. மூன்றாவதாக இன்னொரு கேஷும் ஆங்கில அகராதிகளில் இருக்கிறது: தென்னிந்தியாவின் சிறு நாணயத்துக்கு ஐரோப்பிய வணிகர்கள் எழுதிய பெயர். அது நம்முடைய காசு. போர்த்துகீசியர் வாயில் புகுந்து உருமாறிப் போனது.

செல்பேசியில் இருக்கும் கேஷின் தாய்ச்சொல் பிரெஞ்சின் 'காஷே'. மறைத்து வை என்று பொருள். அதன் வேர் அழுத்துதல், நெருக்குதல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லுக்குப் போகிறது. கனடாவில் விலங்குத்தோல் வணிகம் செய்த பிரெஞ்சு வேட்டைக்காரர்கள், சுமக்க முடியாத உணவையும் தோலையும் வழியில் குழி தோண்டி மறைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குழிதான் கேஷ். அமெரிக்காவின் மேற்குக்கு வழி தேடிப் போன லூயிஸ், கிளார்க் குழுவினரும் 1805இல் மிசௌரி ஆற்றங்கரையில் இப்படிக் குழிகள் தோண்டினார்கள். மறு ஆண்டு லூயிஸ் திரும்பி வந்து ஒரு குழியைத் திறந்தபோது, வெள்ளம் புகுந்து அவர் வைத்திருந்த கரடித்தோல்களும் செடி மாதிரிகளும் பாழாகியிருந்தன.

கணினிக்குள் இந்தச் சொல் நுழைந்த கதை சுருக்கமானது. மெதுவான பெரிய நினைவகத்துக்கும் கணக்குகளைச் செய்யும் வேகமான புராசஸருக்கும் நடுவே, அடிக்கடி தேவைப்படுவதை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு சிறு நினைவகம் இருந்தால் வேலை விரைவாக நடக்கும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதினார். அவர் இட்ட பெயர் 'அடிமை நினைவகம்'. நல்லவேளை, அது நிலைக்கவில்லை. 1968இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இதே ஏற்பாட்டைச் செய்தபோது, அதைப் பற்றிய கட்டுரையில் 'அதிவேக இடையகம்' என்ற பெயர் இருந்தது. அந்த நிறுவனத்தின் ஆய்விதழ் ஆசிரியர் லைல் ஜான்சன் அதை மாற்றிக் கேஷ் என்று வைக்கச் சொன்னார். பயன்படுத்துபவரின் கண்ணுக்குத் தெரியாமல் மறைவாக வேலை செய்வதால் பெயர் பொருந்தியது.

வேட்டைக்காரரின் குழிக்கும் கணினியின் கேஷுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குழியில் கிடந்தது மூலப்பொருள். கெட்டால் போனது போனதுதான். கணினி மறைத்து வைப்பதோ நகல். மூலம் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது. இணையதளத்தின் முகப்புப் படம், வரைபடத்தில் நேற்று பார்த்த தெரு, படத்தொகுப்பில் ஓடும் சிறுபடங்கள் போன்றவை மறுபடி கேட்டால் கிடைக்கும், கொஞ்சம் தாமதமாக. இடம் நெருக்கடியானால் ஆண்ட்ராய்டு இவற்றைத் தானாகவே அழித்துக்கொள்ளும். தினமும் உட்கார்ந்து கேஷைத் துடைப்பவர்கள், அதே கோப்புகளை மீண்டும் இறக்கத் தங்கள் டேட்டாவைச் செலவழிக்கிறார்கள், அவ்வளவே.

தமிழில் இதற்குத் தற்காலிக நினைவகம் என்ற பெயர் பரவலாக வழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மின்சாரம் நின்றதும் மறந்துவிடும் ரேம் நினைவகத்துக்கே அந்தப் பெயர் பொருந்தும். செல்பேசியின் கேஷ் கோப்புகளோ அணைத்துப் போட்டாலும் அப்படியே கிடக்கின்றன. 'பதுக்ககம்' என்பதே நல்ல சொல். பதுங்கு தன்வினை, பதுக்கு பிறவினை. அடங்கு, அடக்கு போல. அகம் சேர்த்தால் நூலகம், நினைவகம் வரிசையில் இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது. பிரெஞ்சு மூலத்தின் மறைக்கும் பொருளும் சிதையவில்லை. சங்கப் பாட்டில் பாலை வழியில் அம்பு பட்டு வீழ்ந்தவர்களை மூடிய கற்குவியலுக்குப் 'பதுக்கை' என்று பெயர்; புறநானூற்றின் மூன்றாம் பாட்டிலேயே வருகிறது. ரேஷன் அரிசிப் பதுக்கல் செய்திகளால் சொல்லில் சற்றுக் குற்றவாடை அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும். கேட்காமல் இடத்தைப் பிடிக்கும் பொருளுக்கு அந்த வாடையும் பொருத்தம்தான். இடத்துக்குப் பதுக்ககம், உள்ளே கிடப்பதற்குப் பதுக்கு நகல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். பொத்தானில் 'பதுக்கு நகல்களை நீக்கு' என்று இருந்தால் யாருக்கும் கை நடுங்காது.

பதிவிறக்கம் வேறு. அது நாம் கேட்டு வாங்கி வைத்தது. செல்பேசி தானாகத் தொடாது. ஆனால் செயலிகள் இந்த எல்லையைக் குழப்புகின்றன. டெலிகிராமில் இறக்கிய திரைப்படமும் ஆவணமும் அந்தச் செயலியின் கேஷ் கணக்கிலேயே வருகின்றன. அதன் சேமிப்பிட அமைப்பில் போய்த் துடைத்தால் பல ஜிபி இடம் திரும்பக் கிடைக்கும். மூலம் அவர்களுடைய சேவையகத்தில் இருப்பதால், வேண்டும்போது அதே உரையாடலில் தட்டி மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் அப்படியில்லை. வந்து சேர்ந்த படத்தையும் காணொளியையும் அது தன் சேவையகத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. அவை பதுக்கு நகல் அல்ல, உங்களிடம் இருப்பதே உங்களுக்கு மூலம். காப்புப்பிரதி எடுத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்; இல்லாவிட்டால் அனுப்பியவரிடம்தான் மறுபடி கேட்க வேண்டும்.