கிணற்றுக்கும் கிணற்றுக்கும் இடையில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். குடிப்பதற்கும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதற்கும் நாம் நம்பியிருப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கும் மழைநீரையே. அந்த நீரின் நிலையைச் சொல்லும் அளவீடுகள் கிணற்று எண், நீர்மட்டம், உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்று என்று அட்டவணைகளில் அடைந்து கிடக்கின்றன. அந்த அட்டவணையைச் சனசமூக நிலையத்துச் சுவரில் ஒட்டினால் நின்று படிப்பவர் அரிது. அதையே நிறம் தீட்டிய வரைபடமாக ஒட்டினால் வருகிறவர்கள் முதலில் தங்கள் வளவைத் தேடுவார்கள்.

ஆனால் அந்த வளவுக் கிணற்றில் பெரும்பாலும் எவரும் நீர் எடுத்துச் சோதித்திருக்கமாட்டார்கள். அப்படியானால் அங்கே நிறம் எங்கிருந்து வந்தது?

கணினி அதைக் கணித்துப் பூசுகிறது. எடுத்துக்காட்டாக, உங்கள் வளவிலிருந்து 100 மீற்றர் தொலைவிலுள்ள தோட்டக்கிணற்றில் லீற்றருக்கு 80 மில்லிகிராம் நைத்திரேற்றும், 200 மீற்றர் தொலைவிலுள்ள கிணற்றில் 20 மில்லிகிராமும் இருப்பதாகக் கொள்வோம். கிட்ட இருப்பதன் சொல்லுக்கே மதிப்பு அதிகம் என்ற எண்ணத்தில், கணினி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக நிறை கொடுக்கும். எனவே முதற் கிணற்றுக்கு 4 பங்கு, இரண்டாவதற்கு 1 பங்கு. 80ஐ நான்கால் பெருக்கி, 20ஐக் கூட்டி, ஐந்தால் வகுத்தால் 68. இந்தக் கணக்கைப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் செய்து முடித்த பின்னரே நிறங்கள் ஒன்றோடொன்று வழுக்கிக் கலந்த அழகிய வரைபடம் திரையில் தோன்றுகிறது.

அந்த அழகுதான் எனக்கு ஐயம் தருவது. கிட்ட இருப்பவை ஒத்திருக்கும் என்பது மணற்பாங்கான நிலத்துக்கு ஓரளவு பொருந்தலாம். எங்கள் சுண்ணாம்புக்கல்லோ நீரால் கரைந்து, நிலத்தடி வழிகளைத் தன் போக்கில் திறந்துவைத்திருப்பது. அடுத்தடுத்த வளவுகளில் ஒன்று நன்னீராகவும் மற்றது சவராகவும் இருப்பதை இங்கே புதுமையாக எவரும் பேசுவதில்லை. தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் டானி கிரீக்கின் பெயரால் வழங்கும் கிரீகிங் என்ற இன்னொரு கணிப்பு முறை, மதிப்பீட்டோடு அதன் நிச்சயமின்மையையும் கணித்துத் தரும். நிச்சயம் குறைந்த இடத்தில் நிறத்தை மங்கவிட்டு, சோதித்த கிணறுகளைக் கரும்புள்ளிகளாகக் காட்டினால், எது அளந்தது, எது ஊகித்தது என்பது பார்த்தவுடனே விளங்கும்.

நிறத்தை எங்கே வெட்டுவது என்பதும் வரைபவரின் முடிவுதான். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் குறித்த வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த இடத்தில் பச்சையை நிறுத்திச் சிவப்பைத் தொடங்கினால், 49 உள்ள கிணற்றுக்காரர் நிம்மதியாகவும் 51 உள்ளவர் கலக்கத்தோடும் வீடு போவார்கள். 51உம் 140உம் ஒரே சிவப்பில் அடங்கிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஒரே நிறத்தை வெளிறலிலிருந்து அடர்த்திவரை படிப்படியாக ஏற்றி, 50ஐ ஒரு கோடாக மட்டும் வரைவதே நல்லது.

மேலிருந்து பார்க்கும் வரைபடம் ஆழத்தைக் காட்டாது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், கீழே உவர்நீர் என்பது பலரும் அறிந்தது. குடாநாட்டின் அடியிலும் நன்னீர் இப்படித்தான் கடல்நீரின்மேல், நடு தடித்து ஓரம் மெலிந்த கண்ணாடி வில்லைபோல் மிதக்கிறது. இரண்டின் அடர்த்தி வேறுபாட்டால், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் நிற்கும் ஒவ்வொரு அலகு உயரத்துக்கும் கீழே ஏறத்தாழ 40 அலகு நன்னீர் இருக்கும். இறைப்பு மிகுந்து நீர்மட்டம் ஒரு சாண் இறங்கி அப்படியே நிலைத்துவிட்டால், சவரின் எல்லை காலப்போக்கில் சுமார் 9 மீற்றர் மேலேறும். மாரியில் வில்லை தடிப்பதையும் கோடையில் மெலிவதையும் அசையும் வெட்டுமுகப் படமாகக் காட்டினால், சிறுவர்க்கும் இது விளங்கும்.

அந்தப் படத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 20 கிலோமீற்றர் நிலத்தை 20 சென்ரிமீற்றர் திரையில் உண்மை விகிதத்தில் வரைந்தால், 20 மீற்றர் தடிப்புள்ள நன்னீர் 0.2 மில்லிமீற்றர் கீறலாகிவிடும். கண்ணுக்குத் தெரியவேண்டுமென்று ஆழத்தை நூறு மடங்கு நீட்டினால் அது 2 சென்ரிமீற்றராகத் தடித்து, அள்ள அள்ளக் குறையாத நீர்போல் தோன்றும். ஆகையால் நீட்டிய படத்தின் கீழே, அதே நிலத்தின் நீட்டாத படத்தையும் அந்த மெல்லிய கீறலோடு வைக்கவேண்டும்.