ஷாலோமுக்கு 'அமைதி' போதாது

மட்டக்களப்பில் யார் சமாதானச் செயலமர்வு வைத்தாலும், வேதாகமத்தில் வரும் எபிரேயச் சொல்லை எடுத்து, "ஷாலோம் என்றால் அமைதி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எபிரேய வேர் ஷ-ல-ம்: குறைவின்றி முழுமையாயிருத்தல். ஈடுகொடுத்துத் தீர்த்தல் என்ற வினையும் அதே வேரில் பிறந்ததுதான். மாட்டைத் திருடி விற்றவன் ஒன்றுக்கு ஐந்தாகக் கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் 22 சொல்லுமிடத்தில் வருவது அந்த வினையே. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ஷாலோமுக்கு நிகராக வருவது எயிரேனே.

பழைய புரட்டஸ்தாந்து வேதாகமம் பெரும்பாலும் 'சமாதானம்' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'அமைதி' என்றது. முன்னது வடசொல், பின்னது தூய தமிழ், வாதம் அவ்வளவுதான். 'அமை' என்பதற்குப் பொருந்துதல், நிறைதல் என்ற பொருள்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு யார் காதில் அது அப்படி விழுகிறது? வகுப்பறையில் வாத்தியார் "அமைதி!" என்கிறார், பிள்ளைகள் வாயை மூடுகிறார்கள். 1987இல் வந்த இந்திய இராணுவத்துக்கும் 'அமைதிப்படை' என்றுதான் பெயர். இங்குள்ள பெரியவர்களிடம் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ஆதியாகமம் 37:14இல் யாக்கோபு யோசேப்பை அனுப்பி, சகோதரருடைய சேமத்தையும் ஆடுகளின் சேமத்தையும் பார்த்துவரச் சொல்கிறார். மூலத்தில் இரண்டு இடத்திலும் ஷாலோம்தான். ஆடுகள் சத்தம் போடாமல் நிற்கின்றனவா என்றா கிழவர் கேட்டார்? மட்டக்களப்பின் மேய்ச்சல் தரைகளான மயிலத்தமடு, மாதவனையின் பண்ணையாளர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட உட்கார்ந்தவர்கள் கேட்டது தங்கள் பட்டியின் ஷாலோமைத்தான். அவர்களிடம் போய் 'அமைதி' என்றால், எழும்பி வீட்டுக்குப் போ என்றுதான் கேட்கும்.

"சமாதானமில்லாதிருந்தும், சமாதானம் சமாதானம் என்று சொல்லி" காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள் என்று எரேமியா 6:14 ஏசுகிறது. காந்தி பூங்காவுக்கு முன்னால் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தாய்மார் நின்ற ஊரில் அந்த 'மேற்பூச்சு' எல்லாருக்கும் விளங்கும்.

'சமாதான'மும் அடிபட்டு நைந்த சொல்தான். பிந்தி வந்தவன் சொல்லும் சாட்டும் சமாதானம், 2002இன் பேச்சுவார்த்தையும் சமாதானம், முத்திரை குத்தித் தருபவரும் சமாதான நீதவான். இருந்தாலும், சேர்த்துவைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். அதற்கு இரண்டு தரப்பாவது வேண்டும். அமைதியைத் துவக்கு வைத்திருப்பவன் தனியாகவே உண்டாக்கிவிடலாம்.

தூய தமிழ்தான் வேண்டுமென்றால் 'நலம்' இருக்கிறதே! நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கும் பட்டணத்தின் ஷாலோமைத் தேடுங்கள் என்கிற எரேமியா 29:7இல் அது கச்சிதமாகப் பொருந்தும். மற்ற இடங்களில் 'சமாதானம்' இருக்கட்டும், ஆடுமாடு வருமிடத்தில் 'சேமம்' இருக்கட்டும்.

ஆனால் மத்தேயு 5:9இல் கைவைக்க வேண்டாம். பழையதில் 'சமாதானம் பண்ணுகிறவர்கள்', திருவிவிலியத்தில் 'அமைதி ஏற்படுத்துவோர்'. வினையாவது சரி. துண்டுப்பிரசுரம் எழுதுகிறவர்கள் அதையும் 'அமைதி காப்போர்' ஆக்கிவிடுகிறார்கள். கிரேக்கத்தில் இருப்பது 'செய்வோர்'. காப்பதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டாமா?