நின்ற ட்ரெய்லர் ஏன் உருள்கிறது?

“ஏர் பிரேக் வண்டியில் காற்று போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியென்றால், கழற்றி நிறுத்தியிருந்த ட்ரெய்லரை லாரியோடு மாட்டும்போது வண்டி உருண்டு ஓட்டுநர் சிக்கிக்கொள்வது எப்படி?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் கேள்வியின் முதல் பாதியிலேயே இருக்கிறது. காற்று போனால் பிடிக்கும் பிரேக், காற்று வந்தால் விட்டுவிடும். அந்தக் காற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது ஓட்டுநரின் கைதான்.

முதலில் இரும்போடு இரும்பு சேரும் இடத்தைப் பார்த்துவிடலாம். ட்ரெய்லரின் முன்பகுதியில், அடித்தட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு உருக்குத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கிங்பின் என்று பெயர். லாரியின் பின்புறம் கிரீஸ் தடவிய கனமான தட்டு ஒன்று இருக்கும். இது ஃபிஃப்த் வீல். லாரி பின்வாங்கும்போது கிங்பின் அந்தத் தட்டின் பிளவுக்குள் நுழைய, உள்ளே இருக்கும் தாடை அதைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் கிங்பின்னின் கழுத்து விட்டம் 50.8 மி.மீ.; கழுத்துக்குக் கீழே உள்ள தலை ஏறத்தாழ 7 செ.மீ. தாடை பிடிக்க வேண்டியது கழுத்தை. தலை அகலமாக இருப்பதால்தான் கிங்பின் மேல்நோக்கி உருவிக்கொள்ளாது.

ட்ரெய்லர் கொஞ்சம் உயரமாக நின்றுவிட்டால் கிங்பின் தாடைக்கு மேலேயே வந்து உட்கார்ந்துவிடும், அல்லது தாடை தலையை மட்டும் பிடிக்கும். பூட்டிய சத்தம் கேட்கும். மெல்ல முன்னால் இழுத்துப் பார்த்தால் பிடித்திருப்பது போலவும் தோன்றும். அப்புறம் சாலையில் ஒரு பெரிய பள்ளத்தில் தூக்கிப்போட்டால் கழன்றுவிடும். ஆகவே மாட்டுவதற்கு முன் ட்ரெய்லரின் அடித்தட்டு ஃபிஃப்த் வீலைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். பின்வாங்கும் லாரிதான் அதை நெம்பித் தூக்க வேண்டும். பூட்டியபின் ட்ரெய்லர் பிரேக்கை விடாமல், மிகக் குறைந்த கியரில் இரண்டு முறை மெதுவாக முன்னால் இழுத்துப் பார்ப்பார்கள். இது அவசியம், ஆனால் போதாது. ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. தாடை கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். பூட்டின் கைப்பிடி முழுக்க உள்ளே போய், பாதுகாப்பு கிளிப் அதில் மாட்டியிருக்க வேண்டும்.

இனிமேல்தான் அழகான பகுதி. லாரியிலிருந்து ட்ரெய்லருக்கு இரண்டு காற்றுக் குழாய்கள் போகின்றன. சிவப்புக் குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும்; அது ட்ரெய்லரில் உள்ள டேங்கை நிரப்பிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஐரோப்பிய முறையில் மஞ்சள், அமெரிக்காவில் நீலம். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் அதில் காற்று வரும். “இவ்வளவு பிடி” என்று ட்ரெய்லருக்குச் சொல்லும் குழாய் இது.

சிவப்புக் குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, ட்ரெய்லரில் உள்ள ஒரு வால்வின் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அமைதியாக இருக்கும். குழாயைக் கழற்றினாலோ அது அறுந்தாலோ அந்த அழுத்தம் விழும். உடனே பிஸ்டன் மறுபக்கம் நகர்ந்து, டேங்கில் சேமித்த காற்றைச் சக்கரங்களின் பிரேக் சேம்பர்களுக்கு, அதாவது காற்று நிறைந்தால் ஒரு தண்டைத் தள்ளி பிரேக்கைப் பிடிக்கவைக்கும் சிறு அறைகளுக்கு, திறந்துவிடும். லாரிகளில் சாதாரணமாகக் காணும் 30 சதுர அங்குல சேம்பருக்குள் 7 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 7 மடங்கு) அழுத்தம் போனால், அந்தத் தள்ளுதண்டில் கிடைக்கும் விசை சுமார் 1,380 கிலோ எடைக்குச் சமம். அதுவும் ஒரே ஒரு சேம்பரில். அழுத்தம் இல்லாமல் போவதையே கட்டளையாக மாற்றிய இந்த யோசனை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுடையது. 1869இல் அவர் காப்புரிமை பெற்ற முதல் ரயில் பிரேக், காற்றை அனுப்பினால் பிடிக்கும் வகை. குழாய் அறுந்தால் பிரேக்கே இருக்காது. 1872இல் அதைத் தலைகீழாக்கினார். பொறியியலில் இதைவிட நேர்த்தியான தலைகீழ் மாற்றம் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

டேங்க் காற்றால் பிடித்த பிரேக் நிரந்தரமல்ல. காற்று கசியும். ஸ்பிரிங் பிரேக் உள்ள ட்ரெய்லரில் ஒரு வலுவான சுருள்வில் எப்போதும் பிடிக்கவே காத்திருக்கும். காற்றுதான் அதை அமுக்கி வைத்திருக்கும். ட்ரெய்லரின் பக்கவாட்டில் உள்ள பார்க்கிங் பட்டனை இழுத்தால் அந்தக் காற்று வெளியேறி, வில் இறங்கிப் பிடிக்கும். ஸ்பிரிங் இல்லாத பழைய ட்ரெய்லரில் டேங்க் காலியானால் பிரேக்கும் போச்சு. அதற்குச் சக்கரத்தில் கட்டை போட்டே ஆக வேண்டும்.

இப்போது விபத்துக்கு வருவோம். ட்ரெய்லரைக் கழற்றியவர் பார்க்கிங் பட்டனை இழுக்கவில்லை; சிவப்புக் குழாயைக் கழற்றியதும் பிரேக் பிடித்ததால் வண்டி நின்றது, போய்விட்டார். மாட்ட வருபவர் கிங்பின்னைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, லாரியின் ஹேண்ட் பிரேக்கைப் போட மறந்து இறங்குகிறார். வண்டி அசையவில்லை. ஏன்? சிவப்புக் குழாய் மாட்டாத ட்ரெய்லரே, தன் டேங்க் காற்றால், லாரியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மறதியைக் காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை. அவர் கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே ஏறி சிவப்புக் குழாயை மாட்டுகிறார். பிஸ்டன் திரும்புகிறது, சேம்பர்களிலிருந்து காற்று சீறி வெளியேறுகிறது, மொத்த வண்டியும் விடுபடுகிறது.

100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் சரிவு கண்ணுக்குச் சமதளம் போலத்தான் தெரியும். 40 டன் வண்டியை அது 800 கிலோ விசையோடு இழுக்கும். டயர்களின் உருள்தடை சுமார் 240 கிலோ போக, மீதி 560. முதல் 5 விநாடியில் வண்டி ஏறத்தாழ 1¾ மீட்டர்தான் நகரும். இந்த மந்தம்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஓடிப்போய் கேபினில் ஏறி நிறுத்திவிடலாம் என்று தோன்றும். 10 விநாடியில் ஏறத்தாழ 7 மீட்டர் நகர்ந்து, மணிக்கு சுமார் 5 கி.மீ. வேகம் எடுத்திருக்கும். அதற்குள் கதவுக்கும் சுவருக்கும், அல்லது பக்கத்து லாரிக்கும் இடையே ஆள் சிக்கிவிடுவார். நகரத் தொடங்கிய வண்டியைத் துரத்தவே கூடாது. விலகி நிற்க வேண்டும், கத்தி மற்றவர்களை விலக்க வேண்டும்.

ஆக, குழாயைத் தொடும் முன் இரண்டு பிரேக்குகளைத் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்: கேபினில் ஹேண்ட் பிரேக், ட்ரெய்லரில் பார்க்கிங் பட்டன். ஒன்றை மறந்தாலும் மற்றது காப்பாற்றும். இப்படிச் செத்தவர்களைப் பற்றி “விதி முடிந்துவிட்டது” என்று பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஹேண்ட் பிரேக் போடாமல் கதவைத் திறந்தால் அலறும் பஸ்ஸர் ஒன்றும் விண்வெளித் தொழில்நுட்பம் அல்ல. எல்லா லாரியிலும் அது இருந்தாக வேண்டும்.

மீதி வேலை சீக்கிரம் முடியும். மின்சார, ஏபிஎஸ் கேபிள்களை மாட்டி, தாங்குகால்களை (லாரி இல்லாதபோது ட்ரெய்லரின் முன்பகுதியைத் தாங்கும் கால்களை) முழுக்க மேலே சுற்றி, அவற்றின் கைப்பிடியை அதன் இடத்தில் செருகி, விளக்குகளைப் பார்த்து, பார்க்கிங் பட்டனைக் கடைசியாக விடுவிக்க வேண்டும். கழற்றும்போது, பார்க்கிங் பட்டனை இழுத்த பின் முதல் வேலை தாங்குகால். அதை இறக்காமல் லாரியை ஓட்டினால் ட்ரெய்லரின் மூக்கு தரையில் விழும். மண் தரையிலும், வெயிலில் இளகிய தாரிலும் கால் புதையும் என்பதால் அடியில் பலகை வைக்க வேண்டும்.

மஞ்சள் குழாயை மாட்ட மறந்தால்? எந்தச் சத்தமும் வராது. பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியவரும். இதற்கும் ஐநாவின் வாகன பிரேக் விதி எண் 13இல் ஏற்பாடு இருக்கிறது: மஞ்சள் குழாய் அறுந்த நிலையில் பிரேக்கை முழுக்க மிதித்தால், லாரியின் வால்வு 2 விநாடிக்குள் சிவப்புக் குழாயின் அழுத்தத்தை 1.5 பாருக்கு இறக்கிவிட வேண்டும். ட்ரெய்லர் தன் டேங்கை வைத்துத் தானே பிடித்துக்கொள்ளும். சாலையில் அது நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒருவர் பிரேக்கை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் வெளியே நின்று மஞ்சள் இணைப்பில் சீறல் கேட்கிறதா என்று காது கொடுத்தால் போதும்.