எங்கெல்ஸ்: விமான நிலையமா, வான்படைத் தளமா?

ரஷ்யாவின் எங்கெல்ஸ் நகரில் குண்டுவீச்சு விமானங்கள் நிற்கும் இடத்தை 'விமான நிலையம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. விமான நிலையம் என்றால் நாம் டிக்கெட் எடுத்து ஏறுகிற இடம். இங்கே ஏறுவது ஏவுகணைகள்.

ரஷ்யர்கள் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஒன்று 'ஏரோட்ரோம்', பிரெஞ்சு வழியாக வந்த கிரேக்கம். 'ஏர்' காற்று; 'ட்ரோமோஸ்' ஓட்டம், ஓடும் இடம். குதிரைப் பந்தயத் திடலுக்கு 'இப்போட்ரோம்' என்பார்கள். விண்கலம் ஏவும் இடத்துக்கும் அதே வாலை ஒட்டி 'கோஸ்மோட்ரோம்' ஆக்கிவிட்டார்கள். 1961 ஏப்ரல் 12 அன்று பைக்கனூர் கோஸ்மோட்ரோமிலிருந்து கிளம்பிய ககாரின் வந்து இறங்கியது இந்த எங்கெல்ஸ் நகருக்குப் பக்கத்தில்தான். ட்ரோமோஸுக்கு நம்மிடம் 'ஓடுபாதை' இருக்கிறது. ஆனால் அது இடத்தின் ஒரு பகுதிக்குத்தான் பெயர்.

மற்றொன்று 'அவியாபாஸா'. ஓடுபாதையோடு விமானம், எரிபொருள், ஆயுதக் கிடங்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்தது. 'பாஸா'வின் மூலமான கிரேக்க 'பாசிஸ்' முதலில் காலடி வைப்பதைக் குறித்தது. பிறகு கால் ஊன்றும் இடம், பீடம் என்று ஆனது. தமிழில் 'அடி' பாதமாகவும் கீழ்ப்பகுதியாகவும் இருப்பதைப் போல.

வோல்கா ஆற்றின் இடக்கரையில், சராத்தவுக்கு நேர் எதிரே இருக்கும் ஊர் இது. பழைய பெயர் பக்ரோவ்ஸ்க். 1931-ல் மார்க்சின் தோழர் பெயரை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில், 1941-ல், சோவியத் விமானி மரீனா ரஸ்கோவா பெண்களை மட்டும் திரட்டி மூன்று விமானப் படைப்பிரிவுகளை உருவாக்கிப் பயிற்சி கொடுத்தது இங்கேதான். அவற்றில் ஒன்று துணியும் மரமுமான பழைய இரட்டை இறக்கை விமானத்தில் இரவில் போய்க் குண்டு போட்டது. ஜெர்மானியர்கள் அவர்களை 'இரவுச் சூனியக்காரிகள்' என்றார்கள். இன்று அதே ஊரில் நிற்பவை துப்பலெவ்-95, துப்பலெவ்-160 என்ற தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்கள். 160-களில் எட்டு, எரிவாயுக் கடனுக்கு ஈடாக உக்ரைனே கொடுத்தவை. 2022 டிசம்பரில் உக்ரைனின் டிரோன்கள் இங்கே வந்தன. அடுத்த ஆண்டு செயற்கைக்கோள் படங்களில் பார்த்தால், டிரோன்களிடமிருந்து காக்கவோ என்னவோ, துப்பலெவ்-95-களின் இறக்கைமேல் வரிசையாகக் கார் டயர்கள்!

சரி, 'தளம்' என்ன சொல்? வீட்டுக்குத் தளம் போடுகிறோமே, மொட்டைத் தளம் என்கிறோமே, அது வடமொழி 'தல' (தரை, பரப்பு). 'தளபதி', 'தளவாய்' இரண்டிலும் இருப்பது வேறு தளம்: படை என்ற பொருளுள்ள வடமொழிச் சொல், முதலெழுத்தை அழுத்தி ஒலிப்பது. இலையைக் குறிக்கும் 'வில்வ தள'மும் அந்த எழுத்துதான். தமிழில் அந்த ஒலி வேறுபாட்டுக்குத் தனி எழுத்து இல்லாததால் எல்லாம் ஒரே 'தளம்' ஆகிவிட்டன. இந்தக் குழப்பம் எனக்குப் பிடிக்கும்: படையும் நிற்கிறது, அது நிற்கும் தரையும் கிடைக்கிறது. 'பாசறை' என்று எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. அது போர் முடிந்தால் கலைக்கிற கூடாரம், இங்கே ஒட்டாது.

ஆகவே 'வான்படைத் தளம்'. ஈழத்தில் 'வான்படை' எப்போதோ பழகிவிட்டது. தமிழ்நாட்டு வழக்கில் எழுதுகிறவர்கள் 'விமானப்படைத் தளம்' என்றாலும் சரிதான். நடுவே அந்தத் 'த்'தை மட்டும் விழுங்க வேண்டாம்.