பழைய ஃபோர் வீல் வண்டி ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்த முதல் சில வாரங்களுக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். வழக்கமான கார் ஓட்டிப் பழகியவர் கேட்டே இராத சத்தங்கள் எல்லாம் வரும். நெருக்கமாக வளைக்கும்போது யாரோ பிரேக் பிடிப்பது போல ஒரு தடை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் அடியில் ஒரு 'டொக்', காலையில் இரண்டாவது கியர் விழ மறுப்பது, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரைப்பலகையில் எழுந்து அடங்கும் அதிர்வு. இவற்றில் சில அந்த வண்டியின் வடிவமைப்பிலேயே இருப்பவை, சில தேய்மானத்தால் வந்தவை, சில முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களால் வந்தவை. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரியாவிட்டால் நல்ல பாகத்தைக் கழற்றி மாற்றிவிட்டு, கெட்டுப்போனதை 'இந்த வண்டியே இப்படித்தான்' என்று விட்டுவிடுவோம்.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும்: இது எதோடு சேர்ந்து மாறுகிறது? என்ஜின் வேகத்தோடா, சக்கர வேகத்தோடா, ஸ்டீயரிங் திருப்பத்தோடா, சூட்டோடா, மிதிக்கும் அளவோடா?

அதிர்விலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் கணக்குப் போட முடியும். 31 அங்குல டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 மீட்டர் நகர்கிறது. 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு சுமார் 7 முறை சுற்றும். ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) நடுவிலிருந்து இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அதன் பல்விகிதம் 4.1 என்றால், கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே நேரத்தில் 28 முறை சுற்றும். என்ஜின் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் விநாடிக்கு 33 சுற்று, நான்கு சிலிண்டர் என்றால் 67 வெடிப்புகள். 7, 28, 67 என்று இந்த மூன்றும் இவ்வளவு விலகி நிற்பதால் உடம்பே வித்தியாசத்தை உணர்ந்துவிடும். விநாடிக்கு ஏழு எட்டு முறை வருவது ஸ்டீயரிங்கில் ஆட்டமாகத் தெரியும்: டயர் பேலன்ஸ், வளைந்த ரிம், ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர். ஷாஃப்ட் சார்ந்தது அதைவிட மிக வேகமானது, அது ஆட்டமாக இராது, இருக்கையிலும் தரையிலும் ரீங்காரமாக வரும்.

சந்தேகம் தீரவில்லையா? ஆளில்லாத நேரான சாலையில் அந்த அதிர்வு வரும் வேகத்துக்குப் போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைத் தானாக உருளவிட்டுப் பாருங்கள். என்ஜினை மட்டும் அணைக்க வேண்டாம், பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் உதவியும் போய்விடும். என்ஜின் வேகம் இறங்கியும் அதிர்வு அப்படியே இருந்தால் என்ஜினையும் கிளட்சையும் விட்டுவிடலாம், தேட வேண்டியது அதற்குப் பின்னால். அடுத்ததாக ஸ்டீயரிங்கை லேசாக இடதும் வலதுமாக அசையுங்கள். ஒரு பக்கம் அசைக்கும்போது முனகல் கூடி மறுபக்கம் குறைந்தால் சக்கர பேரிங் மேல்தான் முதல் சந்தேகம், எடை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறுவதுதான் காரணம். பெரிய பூவுள்ள சேற்று டயர்களும் இதே மாதிரி முனகும், ஆனால் சாலைப் பரப்பு மாறினால் அவற்றின் சுருதி மாறும், பேரிங்குக்குத் தார் என்ன கான்கிரீட் என்ன, எல்லாம் ஒன்றுதான்.

சரி, வளைவில் வரும் அந்தத் தடைக்கு வருவோம். புதிதாக வாங்கியவர்களை இதைப் போல மிரட்டுவது வேறு எதுவும் இல்லை. முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கும். தேவைப்படும்போது மட்டும் லிவரைப் போட்டு நான்கு சக்கரத்துக்கு மாறும் பெரும்பாலான வண்டிகளில் அது கிடையாது. லிவரைப் போட்டதும், கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன்னும் பின்னும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் இறுகப் பூட்டிவிடுகிறது, அதன் பிறகு இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும்.

ஆனால் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட வெளியே உள்ள பெரிய வட்டத்தில் போகின்றன. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள ஒரு குட்டை வண்டி, பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 4.5 மீட்டர் ஆரத்தில் போகும்படி திரும்பினால், முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5.1 மீட்டர் ஆரத்தில் போகும். ஒரு கால்வட்டத் திருப்பத்திலேயே முன்பக்கம் ஏறக்குறைய 94 சென்டிமீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும், ஷாஃப்ட் கணக்கில் அது ஒன்றரைச் சுற்றுக்கு மேல். பூட்டிய ஷாஃப்ட்டுகளில் இந்த ஒன்றரைச் சுற்று எங்கே போகும்? மணலிலும் சேற்றிலும் ஏதாவது ஒரு டயர் சறுக்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. காய்ந்த தார்ச்சாலையில் டயர் சுலபமாகச் சறுக்காது. அப்போது ஈரத்துணியைப் பிழிவது போல ஷாஃப்ட், ஆக்ஸில், கியர் என்று எல்லாமே முறுக்கேறும். நீங்கள் உணரும் தடை அந்த முறுக்குதான். ஒரு கட்டத்தில் டயர் விட்டுக்கொடுத்து 'கிரீச்' என்று துள்ளும்.

அதே முறுக்குதான் லிவரையும் பிடித்துக்கொள்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கும் பற்கள் ஒன்றையொன்று முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும், நீங்கள் லிவரை எவ்வளவு இழுத்தாலும் வராது. கியர் உடைந்துவிட்டது என்று நினைத்து முரட்டுத்தனமாக இழுப்பதுதான் உண்மையில் உடைக்கும் வழி. நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், அல்லது ஒரு பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்குங்கள், முறுக்கு அவிழ்ந்து லிவர் தானாக வந்துவிடும். இது கோளாறே இல்லை. ஆனால் நேரான சாலையிலேயே லிவர் இறுகினால் அது வேறு விஷயம், உடனே நான்கு டயர்களையும் பாருங்கள். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர், அல்லது வேறு வேறு அளவு என்று முந்தையவர் போட்டுவைத்திருக்கலாம். சுற்றளவில் 2 சதவீதம் வித்தியாசம் இருந்தால் 1 கிலோமீட்டர் நேராகப் போனாலே 20 மீட்டர் கணக்கு இடிக்கும், அது முழுவதும் டயரின் தேய்மானத்திலும் கியர்களின் சூட்டிலும்தான் தீரும்.

முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கவும் பிரிக்கவும் சக்கர மையத்தில் கையால் திருகும் ஹப் பூட்டு உள்ள வண்டியா? ஒரு பக்கம் மட்டும் பூட்டி மறுபக்கம் திறந்திருந்தால் முன்பக்கம் துளியும் இழுக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சம அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும், திறந்த பக்கத்தில் தடையே இல்லாததால் அங்கே தேவைப்படும் விசை பூஜ்யம், எனவே பூட்டிய பக்கத்துக்கும் பூஜ்யம்தான். குறுக்கும் நெடுக்குமான பள்ளத்தில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, மற்ற இரண்டும் தரையில் சும்மா நிற்பதற்கும் இதே காரணம்தான். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்ற பெயரை நம்பி ஏமாந்தோமோ என்று யாரும் வருந்த வேண்டாம், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இல்லாத வண்டி அப்படித்தான் நிற்கும். தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப் என்றால் அவிழ்வதற்குப் பல மாடல்களில் சற்றுத் தூரம் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் உயர்த்திய வண்டிகள். பழைய ஃபோர் வீல் வண்டிகளில் சஸ்பென்ஷனைச் சில அங்குலம் தூக்காதது கிடைப்பதே சில சமயம் அபூர்வம், தூக்கும் விதத்தில்தான் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. தூக்குவது தவறில்லை, ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடுவதுதான் பிரச்சினை. ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் சிலுவை மூட்டை எடுத்துக்கொள்வோம், 16ஆம் நூற்றாண்டின் கார்டானோ பெயரும் 17ஆம் நூற்றாண்டின் ராபர்ட் ஹூக் பெயரும் ஒட்டிக்கொண்ட மூட்டு அது. அது வளைந்த நிலையில் சுற்றும்போது, உள்ளே சீரான வேகம் போனாலும் வெளியே சீரான வேகம் வராது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமாகி இரண்டு முறை மெதுவாகும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1.5 சதவீதம். கேட்கச் சின்னதுதான், ஆனால் விநாடிக்கு 28 முறை சுற்றும் ஷாஃப்ட்டில் அது 56 முறை நடக்கிறது. மறுமுனையில் உள்ள மூட்டு அதே கோணத்தில், சரியான நிலையில் பொருந்தியிருந்தால் இதை அப்படியே எதிர்த்து அழித்துவிடும். வண்டியைத் தூக்கியபோது இரு கோணங்களும் வேறாகிவிட்டால் அழியாது. புது மூட்டு போட்டும், ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்தும் தீராத ரீங்காரத்துக்குப் பல சமயம் காரணம் இந்தக் கோணக் கணக்குதான்.

கம்பிச்சுருள் ஸ்பிரிங்கும் ஒரே துண்டான முன் ஆக்ஸிலும் உள்ள வண்டியைத் தூக்கினால் ஆக்ஸில் கொஞ்சம் சுழன்றுவிடும், அதனால் கேஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்குவது அந்தக் கோணம்தான். குறைந்துபோனால் வண்டி நேர்சாலையில் அலையும், சும்மா சும்மா ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதோடு தேய்ந்த புஷ்களும் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) சேர்ந்தால் இன்னும் மோசமான ஒன்று வரலாம்: ஒரு மேட்டில் ஏறியிறங்கியதும் முன் சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்தது போல இடவலமாக உதறும். சக்கரம் நேர்நிலைக்குத் திரும்பும்போது அதைத் தாண்டி மறுபக்கம் போகிறது, அங்கிருந்து மறுபடி தாண்டுகிறது, லூஸான மூட்டுகள் அதைப் பிடித்து நிறுத்துவதில்லை, வண்டியின் ஓட்டமே ஒவ்வொரு உதறலுக்கும் ஆற்றல் ஊட்டுகிறது. அதனால்தான் வேகத்தைக் குறைக்கும்வரை அது நிற்பதில்லை. ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, காலை எடுத்து, பதறாமல் வேகத்தைக் குறையுங்கள். ஸ்டீயரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரைப் புதிதாக மாட்டி இதை மறைத்து விற்கப்பட்ட வண்டிகள் உண்டு. ஆகவே டேம்பரை மட்டும் பளபளப்பாகப் பார்த்தால் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பியின் புஷ்களையும் ஸ்டீயரிங் மூட்டுகளையும், ஒருவரை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, நீங்களே கீழே குனிந்து பாருங்கள்.

பிரேக்கிலும் ஒன்று கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சுமையைக் கணித்து, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாவிட்டால், வண்டியில் சுமையே இல்லை என்று வால்வு எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் பலவீனமாகும். உயர்த்திய வண்டி வாங்கினால் இதை முதல் வாரமே பார்த்துவிட வேண்டும்.

பெரிய டயருக்கு இன்னொரு பக்கவிளைவு. 29 அங்குலத்துக்குப் பதில் 31 போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 7 சதவீதம் அதிகத் தூரம் போகிறீர்கள், ஆனால் பழைய வண்டிகளின் ஸ்பீடோமீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான். அது முன்பு சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது என்றால், இப்போது முள் 80இல் நிற்கும்போது உண்மை வேகம் 85க்கு மேல். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும், எனவே மைலேஜ் கணக்குப் போட்டு என்ஜினைக் குறை சொல்வதற்கு முன் டயர் அளவைப் பாருங்கள்.

'டொக்' சத்தம் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், மூட்டுகள், டிஃபரன்ஷியல் என்று ஒவ்வொன்றிலும் பற்களுக்கிடையே சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், ஆயில் நிற்கவும் சூட்டில் விரியவும். இந்த வண்டிகளில் பாகங்கள் அதிகம், இடைவெளிகளும் சேர்ந்துகொண்டே போகும். மிதிக்கும்போது எல்லாம் ஒரு பக்கம் ஒட்டும், காலை எடுத்தால் மறுபக்கம். மெல்ல மிதித்தால் மெல்ல வரும் சத்தம் இயல்பு. நாளுக்கு நாள் வளர்ந்தால், அல்லது கிளம்பும்போது கூர்மையான உலோகச் சத்தமாக வந்தால் சிலுவை மூட்டைக் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும், அதில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருக்கவே கூடாது.

காலையில் இரண்டாவது கியர் முரண்டுபிடிப்பது குளிர்ந்து தடித்த ஆயிலால். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோனைசர் வளையம் கியரின் கூம்பைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்த, நடுவிலுள்ள ஆயில் படலத்தை முதலில் வழித்துத் தள்ள வேண்டும். படலம் தடித்திருந்தால் நேரமாகும். சில கிலோமீட்டரில் சரியானால் பொறுமையாகப் போடுங்கள், சூடான பிறகும் உரசினால் வளையம் தேய்ந்திருக்கிறது.

ஆயில் என்றதும் முன் உரிமையாளரின் ஆற்று சாகசங்களைத் தேட வேண்டிய இடம் நினைவுக்கு வருகிறது. ஆக்ஸிலின் மேலே காற்று போய்வர ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கும், பெரும்பாலும் சேறு அடைத்துக் கிடக்கும். நெடுந்தூரம் ஓடி 80 டிகிரிக்குச் சூடான ஆக்ஸிலை நேராக ஆற்றில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று 25 டிகிரிக்கு இறங்கும், குழாய் அடைத்திருந்தால் அழுத்தம் 15 சதவீதத்துக்கு மேல் விழும். அது ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். ஆக்ஸிலில் இருக்கும் 'ஆயில் சீல்' என்ற வளையம் உள்ளிருக்கும் ஆயிலைத் தடுக்கத்தான், வெளியிலிருந்து உறிஞ்சப்படும் தண்ணீரைத் தடுப்பதற்கல்ல. அதனால் வண்டியை வாங்கியதும் முன், பின் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றின் ஆயிலையும் இறக்குங்கள். வெளுத்துக் கலங்கி வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, புது ஆயில் ஊற்றி மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி இறக்கிப் பாருங்கள். வடிகால் திருகிலுள்ள காந்தத்தில் நைசான சாம்பல்நிறப் பசை படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் பிடிபடும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் அந்த டிஃபரன்ஷியலைத் திறந்துதான் ஆக வேண்டும்.