பழைய ஆயில் கணக்கு புது இன்ஜினுக்குச் செல்லாது

"அப்பா காருக்கு எந்த ஆயில் ஊத்தினாலும் ஓடுச்சே, இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வெலை?" ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி விழும் கேள்வி. பானெட்டுக்குள் நடந்திருக்கும் மாற்றம்தான் பதில்.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி இன்ஜின் 2.9 லிட்டர், கொடுத்தது 20 குதிரைத்திறன். 2012-இல் அதே கம்பெனி இறக்கிய மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜின் வெறும் 1 லிட்டர். (டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அமுக்கித் தள்ளும் விசிறி.) அதன் உயர் ரகம் 125 குதிரைத்திறன். லிட்டருக்கு 7 எங்கே, 125 எங்கே! நடுவில் பெட்ரோலைக் காற்றோடு கலந்துகொடுத்த கார்புரேட்டர் போனது, பெட்ரோலை அளந்து பீச்சும் இன்ஜெக்‌ஷன் வந்தது, சோக் இழுக்கும் வேலை ஒழிந்தது. அந்தக் காலம்தான் சுகம் என்பவர்கள் ஒருநாள் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் கழற்றி ஊதிப் பார்க்கட்டும்.

இவ்வளவு சக்தியும் சும்மா வரவில்லை. சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. பக்கத்திலேயே புகைபோக்கியின் அனல். ஆயில் கெட்டால் முதல் அடி டர்போவுக்குத்தான்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுகிறது. முன்பு காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டிருந்தது அதுதான். இப்போது ஆயில் ஆவி அங்கே படிந்து கருகுகிறது. கழற்றினால் வால்வு காய்ந்த தார் பூசினதுபோல இருக்கும். சுரண்டினாலும் லேசில் வராது.

இன்னொன்று, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் கோளாறு. டாப் கியரில், குறைந்த ஆர்.பி.எம்.மில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது டர்போ இன்ஜினில் வரும், பிஸ்டனையே உடைக்கும். ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மானமும் இதற்கு ஒரு காரணம். அதனால்தான் 2020-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற ஆயில் தரத்தில் (ஏ.பி.ஐ. என்பது அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) இதற்கென்றே சோதனை இருக்கிறது.

சில இன்ஜின்களில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. தப்பான ஆயில் பட்டால் ரப்பர் ஊறி உதிரும். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வலையை அந்தத் துகள்கள் அடைத்துவிடும்.

ஆகவே மேனுவலில் 0டபிள்யூ-20 (0W-20) என்ற ஆயில் கெட்டித்தன்மை எண்ணை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், ஏ.பி.ஐ. எஸ்.பி. போன்ற தரக் குறியீட்டையும் பாருங்கள். மாதம் ஒருமுறை ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். தினமும் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். இன்ஜின் சூடேறுவதற்குள் நிறுத்துவதால் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஒர்க்‌ஷாப்வரை உருட்டிவிடலாம் என்று நினைக்காமல், ஓரங்கட்டி அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.