ஓசிடி பிள்ளைக்கு ஸ்கேன் எதற்கு?

இந்த வாரமும் ஒரு குடும்பம் எம்ஆர்ஐ ஃபைலோடு வந்தது. பையனுக்குப் பதினோரு வயது. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மறுபடி மறுபடி செய்யவைக்கும் மனநோய். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி விரல் முட்டிகளில் தோல் வெடித்திருந்தது. ஸ்கேன் நார்மலாக இருப்பதால் வேண்டுமென்றே செய்கிறானோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். அம்மாவின் கேள்வி வேறு: மூளைக் கோளாறு என்றால் மாத்திரைதானே, பேசி என்ன ஆகப்போகிறது?

ஆராய்ச்சிகளில், மூளையின் முன்மடலின் அடிப்பகுதி, மூளையின் ஆழத்தில் உள்ள காடேட், தலாமஸ் என்ற பகுதிகள் ஆகியவற்றை இணைக்கும் சுற்றில் மாற்றங்கள் தெரிகின்றன. அவை பலரைக் குழுவாக ஒப்பிட்டுப் பார்த்த சராசரிகள். ஒரு பிள்ளையின் படத்தை வைத்து ஓசிடி உண்டு, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளையிடமும் உங்களிடமும் உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கிறோம். நார்மல் ஸ்கேனைக் காட்டி அவனைத் திட்டாதீர்கள். அவன் நடிக்கவில்லை.

அடுத்தது, எனக்கு அதிகம் கோபம் வரும் விஷயம்: 'வெறும் பேச்சு'. 1992இல் பாக்ஸ்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஓசிடி உள்ள பெரியவர்களை, மூளையின் செயல்பாட்டைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். ஃப்ளூயாக்ஸெட்டீன் மாத்திரையால் தேறியவர்களுக்கும் நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களுக்கும் வலது காடேட்டின் செயல்பாடு ஒரே மாதிரி குறைந்திருந்தது. பயிற்சியும் மூளையைத்தான் மாற்றுகிறது. பிள்ளைகள் விஷயத்திலும் ஆதாரம் இருக்கிறது. 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஓசிடி கிட்டத்தட்ட முழுதாக அடங்கியவர்கள், செர்ட்ரலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 21.4%, சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) மட்டும் பெற்றவர்களில் 39.3%, இரண்டும் சேர்ந்தபோது 53.6%.

அந்தச் சிகிச்சை அறிவுரை சொல்வதல்ல. கதவுக் கைப்பிடியைத் தொடச் சொல்வோம், கழுவ விடமாட்டோம். பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் முதலில் 'எட்டு' என்பான். காத்திருப்போம். கொஞ்ச நேரம் கழித்து 'ஆறு' என்பான். கழுவாமலே பயம் இறங்குகிறது, இறங்காவிட்டாலும் தாங்க முடிகிறது என்பதை அவனே கண்டுகொள்ள வேண்டும். எளிதான பயத்தில் தொடங்கித்தான் மேலே போவோம், அவன் சம்மதத்தோடு.

இதை வீட்டில் நீங்களே கலைத்துவிடுகிறீர்கள். "கை சுத்தமா அம்மா?" என்று கேட்கிறான். "சுத்தம்டா கண்ணு" என்கிறீர்கள். ஐந்து நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடி அதே கேள்வி. பாசத்தில்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஒவ்வொரு பதிலும் ஓசிடிக்குத் தீனி. அதற்காக இன்றிரவே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கேள்விக்கு முதலில் பதிலை நிறுத்துவது என்று சிகிச்சையாளரோடும் பிள்ளையோடும் பேசி முடிவு செய்யுங்கள். "இது ஓசிடி கேட்கிற கேள்வி, உன்னால் சமாளிக்க முடியும்" என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள்.

மாத்திரை எழுதியிருந்தால் தவறாமல் கொடுங்கள். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். தொடங்கிய புதிதிலும் அளவை மாற்றும்போதும் எரிச்சல், தூக்கமின்மை, சாவைப் பற்றிய பேச்சு எது தென்பட்டாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.